இன்ஜின் இழுக்கும், பிரேக் என்ன சொல்லுது?

கேள்வி: சார், என்கிட்ட 200 சிசி பைக் இருக்கு, வெயிட்டு ஒரு 150 கிலோ வரும். கேம்பிங் சாமான் ஏத்திட்டுப் போக சின்னதா ஒரு ரெண்டு சக்கர ட்ரெய்லர் செய்யலாம்னு இருக்கேன். பின்னாடி கேரியர்லயே ஒரு கொக்கி வெல்டு பண்ணிட்டா போதும்ல? இன்ஜின் இழுக்குமா?

பதில்: இழுக்கும். இந்த கேள்வி கேக்குற எல்லாரும் இன்ஜினைப் பத்தித்தான் கேக்குறீங்க, நிறுத்துறதைப் பத்தி ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறீங்க. சின்ன ட்ரெய்லர்ல பெரும்பாலும் பிரேக்கே கிடையாது, அதோட வெயிட்டையும் சேத்து உங்க பைக்கோட ரெண்டு பிரேக்தான் நிறுத்தணும், அதுவும் வளைவுல பிரேக் பிடிச்சா ட்ரெய்லர் நேரா பின்னாடி இருந்து தள்ளாது, சாய்வா தள்ளும், பைக்கோட பின்பக்கம் வெளிப்பக்கமா நழுவும்.

எவ்ளோ ஏத்தலாம்னா, பிரிட்டன் சட்டத்துல உள்ள கணக்கு ஒரு நல்ல அளவுகோல்: ட்ரெய்லரும் சுமையும் சேந்து 150 கிலோ, இல்லன்னா பைக் வெயிட்டுல மூணுல ரெண்டு பங்கு, இதுல எது கம்மியோ அது. உங்களுக்கு 100 கிலோ வருது, அதுல ட்ரெய்லரே 40 கிலோன்னா சாமானுக்கு 60தான். என்னைக் கேட்டா அதையும் முழுசா ஏத்தாதீங்க. உங்க ஊர் சட்டம் என்ன சொல்லுதுன்னு தனியா பாத்துக்கோங்க, பைக்கோட மேனுவலையும் பிரிச்சுப் பாருங்க, ட்ரெய்லர் மாட்டவே கூடாதுன்னு போட்டிருக்கிற பைக் நிறைய இருக்கு, அப்புறம் இன்சூரன்ஸ்காரங்ககிட்ட வாதாடி பிரயோஜனம் இல்ல.

கேரியர் மட்டும் வேணவே வேணாம். அது மேல இருந்து அமுக்குற வெயிட்டுக்கு செஞ்சது, ட்ரெய்லர் இழுக்கும், தள்ளும், பக்கவாட்டுல ஆட்டும், கொஞ்ச நாள்ல கேரியரோட போல்ட் பக்கத்துல கீறல் விடும். ஃப்ரேம்ல ஏற்கனவே இருக்கிற போல்ட் இடங்கள்ல ரெண்டு பக்கமும் பிடிக்கிற மாதிரி பிராக்கெட் செஞ்சு போல்ட்லயே மாட்டுங்க. ஃப்ரேம்ல நேரடியா வெல்டு வெச்சா சூடு பட்ட இடம் பலவீனமாயிடும்.

இன்னொன்னு, கார் ஹிட்சை (ட்ரெய்லரை வண்டியோட மாட்டுற இணைப்பு) அப்படியே போட்டுடாதீங்க. பைக் வளைவுல சாயும், ரெண்டு சக்கர ட்ரெய்லர் சாயாது, அது பாட்டுக்கு நேரா நிக்கும். வண்டி பக்கம் இருக்கிற உருண்டையும், அதைக் கவ்வுற ட்ரெய்லர் பக்கத்து கப்ளரும் ஓரளவுக்குத்தான் அந்த சாய்வுக்கு விட்டுக்கொடுக்கும், அதுக்கு மேல போனா இறுகிடும், அப்புறம் பைக் சாய ட்ரெய்லர் விடாது, இல்ல ட்ரெய்லரோட ஒரு சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். அதனால முழுசா சுத்துற ஸ்விவல் ஜாயின்ட் கண்டிப்பா வேணும். ஒத்தை சக்கர ட்ரெய்லர்னா கதை வேற, அது பைக்கோட சேந்தே சாயணும், அதுல ஜாயின்ட் மேல கீழயும் இடது வலதும் மடங்கலாம், முறுக்கிக்கக் கூடாது.

கேள்வி: நேர் ரோட்ல கொஞ்சம் வேகம் எடுத்தாலே ட்ரெய்லர் வாலை ஆட்டுது. டயர் புதுசுதான். ஏன்?

பதில்: சுமையை எங்க வெச்சிருக்கீங்கன்னு பாருங்க. வெயிட்டெல்லாம் ட்ரெய்லர் ஆக்சிலுக்குப் பின்னாடி போயிட்டா ஹிட்ச் மேல அழுத்தமே இருக்காது, அப்ப ஆடும். ட்ரெய்லரும் சுமையும் சேந்த மொத்த வெயிட்டுல ஒரு 10 சதவீதம் உருண்டை மேல உக்காரணும். அளக்குறது ரொம்ப ஈஸி, ஆள் வெயிட் பாக்குற மெஷின் மேல ஒரு கட்டையை வெச்சு, பைக்ல மாட்டுற அதே உயரத்துல ட்ரெய்லர் மூக்கை அதுல உக்கார வைங்க, கட்டை வெயிட்டை கழிச்சிடுங்க, 80 கிலோவுக்கு 8 கிலோ பக்கம் காட்டுனா சரி. அதுக்காக 20 கிலோ வெக்காதீங்க, உருண்டை பைக்கோட பின் ஆக்சிலுக்கும் பின்னாடி தள்ளி இருக்குல்ல, அங்க அமுக்க அமுக்க முன் சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் மிதக்கும். கனமான சாமான் கீழ, ட்ரெய்லர் ஆக்சில் மேலயோ கொஞ்சம் முன்னாடியோ. ராட்செட் பெல்ட் போட்டு இறுக்குங்க, ரப்பர் கயிறு போர்வை நகராம இருக்கத்தான் சரிப்படும், சாமான் நகராம பிடிக்காது.

ஓடிட்டு இருக்கும்போது ஆட ஆரம்பிச்சா த்ராட்டிலை மெதுவா விடுங்க, ஹேண்டிலை நேரா பிடிங்க, அவ்ளோதான். திருப்பித் திருப்பி சரி பண்ணப் போனா இன்னும் கூடும், முன் பிரேக்கை அழுத்திப் பிடிச்சா அதைவிட மோசம்.

கேள்வி: ஹிட்ச் லாக் இருக்கும்போது செயின் எதுக்கு? நண்பர் சிரிக்கிறார்.

பதில்: சிரிக்கட்டும். உருண்டை 50 மில்லிமீட்டர்லயும் வருது, 47.6லயும் வருது (1⅞ இன்ச்). சின்ன உருண்டையை பெரிய கப்ளர்ல போட்டா லாக் விழும், கையால ஆட்டிப் பாத்தாலும் சரியா இருக்கிற மாதிரியே தெரியும், ஸ்பீடு பிரேக்கர்ல குதிக்கும்போது கழண்டுடும். ரெண்டு செயின், மூக்குக்கு அடியில பெருக்கல் குறி மாதிரி குறுக்கா போகணும், கழண்டா மூக்கு ரோட்ல குத்தாம அதுல தங்கும். திரும்ப இடம் விடுற அளவு தொய்வு இருக்கணும், தரையில உரசக் கூடாது. செயினை ஹிட்ச் பிராக்கெட்ல மாட்டாம ஃப்ரேம்ல மாட்டுங்க, பிராக்கெட்டே உடைஞ்சா அப்ப செயின் இருந்தும் என்ன?

கேள்வி: ட்ரெய்லர் லைட்டுக்கு பைக் ஒயர்லயே ஜாயின்ட் போடலாமா?

பதில்: எல்இடின்னா கரன்ட் கம்மிதான், ஆனாலும் ஒரு ரிலேயும் (சின்ன கரன்ட்ல இன்னொரு லைனை ஆன் பண்ற சுவிட்ச்) தனி ஃபியூஸும் போட்டுடுங்க, ட்ரெய்லர்ல ஷார்ட் ஆனா பைக்கோட பிரேக் லைட்டும் சேந்து போகாது. எர்த்துக்கு தனி ஒயர் இழுங்க. உருண்டை வழியா எர்த் கிடைக்கும்னு விட்டா, அங்க கிரீஸ் தடவியிருப்பீங்க, ஒவ்வொரு குழிக்கும் லைட் கண் சிமிட்டிட்டே வரும், பின்னாடி வர்றவருக்கு நீங்க பிரேக் பிடிக்கிறீங்களா இல்லையான்னே தெரியாது.