பிசி547 டிஃபரன்ஷியல் ஜோடியில் சைன் அலை தட்டையாவது

நண்பரே, இரண்டு பிசி547 டிரான்சிஸ்டர்களால் அமைத்த டிஃபரன்ஷியல் ஜோடியில் (இரண்டு உள்ளீடுகளின் வித்தியாசத்தைப் பெருக்கும் சுற்று) சைன் அலை ஏன் தட்டையாகிறது என்று கேட்டிருந்தீர்கள். உள்ளீட்டில் 60 மில்லிவோல்ட் உச்சம் கொடுத்ததும் வெளியீட்டு அலை மேலும் கீழும் ஒரே மாதிரி அமுங்குகிறது என்றால் பவர் சப்ளையைச் சந்தேகப்பட வேண்டாம். எமிட்டரில் (டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் ஒன்று) ரெசிஸ்டர் இல்லாத ஜோடி 10, 15 மில்லிவோல்ட் வரைதான் ஓரளவு நேராக, அதாவது உள்ளீட்டின் விகிதத்திலேயே, நடக்கும். அதற்கு மேல் டிரான்சிஸ்டரின் இயல்பே வளைவுதான்.

டெயில் கரண்ட் (இரண்டு எமிட்டர்களுக்கும் பொதுவான மின்னோட்டம்) 2 மில்லிஆம்ப் என்கிறீர்கள். அப்படியானால் ஒவ்வொரு பக்கமும் 1 மில்லிஆம்ப் ஓடும்; எமிட்டரின் உள் தடை சுமார் 26 ஓம். இரண்டு எமிட்டரிலும் தனித்தனியே 220 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள்; வளைவு குறையும். கெயின் (பெருக்க அளவு) ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகும்; பரவாயில்லை, அதை அடுத்த ஸ்டேஜில் எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் சிக்னல் இல்லாமல் அந்த இரண்டு ரெசிஸ்டரிலும் மல்டிமீட்டர் வையுங்கள். இரண்டிலும் 220 மில்லிவோல்ட் அளவில் வர வேண்டும். நன்றாக வித்தியாசம் தெரிந்தால் டிரான்சிஸ்டர்களைப் பொருத்தம் பார்த்து, அதாவது ஒரே மாதிரி குணமுள்ள ஜோடியாகத் தேர்ந்து, மாற்றுங்கள்.