ஸ்டம்ப் நுனியில் வந்த பேய்

அன்புள்ள ஐயா,

சின்ன பட்ஜெட் பேய்ப் படங்களிலும் அரசியல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். குடும்பத்தோடு சிரித்துவிட்டு எழுந்துபோகிற படங்கள் அவை. 'காஞ்சனா'வையே எடுத்துக்கொள்ளுங்கள், பிற்பாதி அழுகையைத் தவிர அதில் என்ன இருக்கிறது? இல்லாததை நாமாகத் தேடுகிறோமோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தேடவே வேண்டாம், ஸ்டம்ப் நுனியில் ஒட்டிக்கொண்டு அதுவே வருகிறது. பாழாய்க் கிடக்கும் காலி இடத்தில் படத்தின் நாயகன் ராகவாவும் நண்பர்களும் கிரிக்கெட் ஆடுகிறார்கள். தரையில் அடித்த ஸ்டம்ப் கீழே புதைந்திருக்கும் பிணத்தில் இறங்குகிறது. அந்த ரத்தக்கறையோடு ஸ்டம்ப் வீட்டுக்கு வருகிறது, கூடவே பேயும். அந்த இடம் யாருடையது என்பதுதான் மொத்தக் கதையும். காஞ்சனா என்ற திருநங்கை ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலம் அது; எம்.எல்.ஏ. வளைத்துப் போட்டுவிட்டார். படம் வந்தது 2011 ஜூலையில். அதே வருஷம்தான் தமிழக அரசு நில அபகரிப்புப் புகார்களுக்கென்றே போலீஸில் தனிப் பிரிவுகளைத் தொடங்கியது. தியேட்டரில் இருந்தவர்களுக்கு அந்த எம்.எல்.ஏ.வை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம், மண்ணுக்கு அடியில் கிடப்பது யார் யார் என்று பாருங்கள். பெற்றவர்கள் துரத்திய திருநங்கை. அவருக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்த முஸ்லிம் பெரியவர். மனவளர்ச்சி குன்றிய அவருடைய மகன். கடைசியில் இவர்களைக் கொன்ற அந்த எம்.எல்.ஏ. கோயிலுக்குள் ஓடி ஒளிகிறார். உள்ளே நுழைய முடியாத பேய், அம்மனிடம் நியாயம் கேட்டு மன்றாடுகிறது. கொலைசெய்யப்பட்ட பிறகும் மனு கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது! எனக்குத் தொண்டை அடைத்த இடம் அதுதான்.

இந்த வகைப் படங்களுக்குக் கையில் காசு குறைவு. ஒரு வீடு, ஒரு குடும்பம், அதற்குள் கதையை முடிக்க வேண்டும். அப்படி அடைத்துவிட்டால் 'இது யார் இடம், முன்னாடி இங்கே யார் இருந்தார்கள்' என்ற கேள்வி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சரி, என்னை உறுத்துகிற விஷயம் வேறு. ராகவாவின் உடம்பில் காஞ்சனா இறங்கி, அவன் புடவையும் வளையலுமாகத் திரியும்போது தியேட்டரே விழுந்து விழுந்து சிரிக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, அதே நடைக்காகவும் அதே கையசைவுக்காகவும் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவரைப் பார்த்து நம்மை அழச் சொல்கிறது படம். 2008-லேயே திருநங்கையருக்கென்று நல வாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. அதற்கு மூன்று வருஷம் கழித்தும் சிரிப்புக்கு அந்த நடைதான் கிடைத்ததா என்று கோபம் வந்தது.

நான் பார்த்த காட்சியில், முதல் பாதி முழுக்க விசிலடித்த முன்வரிசைப் பையன்கள் காஞ்சனாவின் கதை வந்ததும் அப்படியே அடங்கிப்போனார்கள். அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வரிசையில் ஒரு திருநங்கையும் உட்கார்ந்திருந்தால், அந்த விசில் சத்தத்துக்கு நடுவே முதல் பாதியை எப்படித் தாண்டியிருப்பார்?