ஆறு ஞாயிறு போதித்தவருக்கு வாக்குச்சீட்டில் இடமில்லையா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் சபை, எந்தப் பேராயத்துக்கும் கட்டுப்படாத தனிச் சபை. 18 ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியை நடத்திவரும் சகோதரி ஒருவர், போதகரய்யா அறுவைசிகிச்சைக்குப் போயிருந்தபோது ஆறு ஞாயிறு பெரியவர்களுக்கும் வேதபாடம் எடுத்தார். எல்லோரும் பாராட்டினார்கள். இந்த ஆண்டு மூப்பர் தேர்தலுக்கு அவர் பெயரை முன்மொழிந்தோம். 1 தீமோத்தேயு 2:12-ஐக் காட்டி மூப்பர்கள் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இது வேதத்தின்படி சரிதானா? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: சரியில்லை, சகோதரரே. பெண் மூப்பராகலாமா என்பதில் தேவபயமுள்ளவர்களே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். ஆனால் உங்கள் மூப்பர்கள் எந்தப் பக்கத்திலும் நிற்கவில்லை. அவர்கள் காட்டிய வசனத்தை முழுதாக வாசியுங்கள்: “உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும், ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை, அவள் அமைதலாயிருக்கவேண்டும்.” இதில் முதலில் வருவது உபதேசம். அதை ஆறு ஞாயிறு செய்யச் சொன்னதே இவர்கள்தான். ஆள் இல்லாதபோது மூடிவைத்த வசனத்தைத் தேர்தல் வந்ததும் திறந்திருக்கிறார்கள். இந்த வசனம் எல்லாக் காலத்துக்கும் எல்லாச் சபைக்கும் சட்டம் என்று மனச்சாட்சியோடு நம்புகிறவர் அந்த ஆறு ஞாயிறும் பிரசங்கபீடத்தைக் காலியாக விட்டிருப்பார். அப்படிப்பட்டவரோடு நான் உடன்படமாட்டேன், ஆனால் மதிப்பேன்.

இனி வசனத்துக்கு வருவோம். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பே இங்கே நமக்கு உதவுகிறது. 12-ஆம் வசனத்தில் வரும் “அமைதல்” என்ற சொல் 11-ஆம் வசனத்திலும் உண்டு: “அமைதலோடு கற்றுக்கொள்ளக்கடவள்.” அதே அதிகாரம் 2-ஆம் வசனத்தில் நாம் எல்லோரும் “கலகமில்லாமல் அமைதலுள்ள ஜீவனம்பண்ணும்படிக்கு” ஜெபிக்கச் சொல்கிறார் பவுல். கிரேக்கத்திலும் இந்த மூன்று இடத்திலும் ஒரே வேர்ச்சொல்தான். 2-ஆம் வசனத்தை வைத்து யாரும் சபையார் எல்லோரும் வாய் திறக்கக்கூடாது என்று சொல்வதில்லை. கலகமில்லாத நிலை என்றுதான் சொல்கிறோம். பத்து வசனம் தள்ளி, ஒரு பெண்ணைப் பற்றி வந்ததும் அதே சொல்லுக்கு ஊமை என்று எப்படிப் பொருள் வரும்?

“அதிகாரஞ்செலுத்த” என்பதற்குக் கிரேக்கத்தில் இருக்கும் வினைச்சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. பவுல் அதிகாரத்தைப் பற்றிப் பேச வழக்கமாக எடுக்கும் சொல் வேறு. இது அடக்கியாளுவதைக் குறிக்கிறது என்பாரும், சாதாரண அதிகாரமே என்பாரும் உண்டு. ஒரே இடத்தில் வரும் சொல்லின்மேல் ஒரு சபையின் பாதிப் பேருக்குக் கதவைச் சாத்தும் சட்டத்தைக் கட்டுவது மணலில் தூண் நடுவதுதான். கடிதத்தின் காரணத்தையும் பாருங்கள். “வேற்றுமையான உபதேசங்களை” நிறுத்துவதற்காகவே தீமோத்தேயு எபேசுவில் விடப்பட்டான் என்று முதல் அதிகாரம் சொல்கிறது. அந்த ஊரில் கள்ள உபதேசம் வீடு வீடாகப் பரவிக்கொண்டிருந்தது. கற்காதவர் போதிக்கக்கூடாது, முதலில் கற்கட்டும் என்பதே அங்கே அவசரம்.

மூப்பர்கள் பக்கத்தின் வலுவான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூட்டத்தில் அதுதான் வரும். 13-ஆம் வசனம் ஆதாம் முதலாவது உருவாக்கப்பட்டான் என்கிறது. இது எபேசுவுக்கு மட்டுமான காரணம் அல்ல, சிருஷ்டிப்பிலேயே உள்ளது என்பார்கள். இதற்குப் பதில் பவுலிடமே இருக்கிறது. 1 கொரிந்தியர் 11-இலும் அவர் அதே சிருஷ்டிப்பு ஒழுங்கைத்தான் பேசுகிறார். அங்கே அதே மூச்சில், பெண் சபையில் ஜெபம்பண்ணுகிறாள், தீர்க்கதரிசனம் சொல்லுகிறாள். தலையை மூடிக்கொள்ளவேண்டும் என்பது மட்டுமே கட்டளை. தலையை மூடிப் பேசச் சொன்னவர் மூன்று அதிகாரம் தள்ளி “பேசாமலிருக்கக்கடவர்கள்” என்றால், அது எல்லாப் பேச்சுக்கும் தடை அல்ல. அந்த 14-ஆம் அதிகாரத்தில் மூன்று பேருக்குப் பேசாமலிருக்கக் கட்டளை உண்டு: அர்த்தஞ்சொல்ல ஆளில்லாமல் அந்நிய பாஷை பேசுகிறவன், இன்னொருவனுக்கு வெளிப்பாடு வந்தபின்னும் முந்திப் பேசிக்கொண்டிருக்கிறவன், கூட்டத்தின் நடுவே கேள்வி கேட்கும் ஸ்திரீகள். முதல் இரண்டு ஆண்களையும் ஆயுள் முழுக்க எந்தச் சபையும் வாய் மூடச் சொன்னதில்லை.

மூப்பரின் தகுதியாகக் காட்டப்படும் 1 தீமோத்தேயு 3:2-இன் “ஒரே மனைவியையுடைய புருஷன்” என்பதைச் சட்டவரியாகப் பிடித்தால் கலியாணம் ஆகாதவர் எவரும் மூப்பராக முடியாது. பவுலும் முடியாது.

அடுத்து ரோமர் 16-ஐத் திறந்து மூப்பர்கள் முன் வையுங்கள். கெங்கிரேயா ஊர் சபைக்கு “ஊழியக்காரியாகிய” பெபேயாள். பிலிப்பியர் 1:1-இல் கண்காணிகளுக்கு அடுத்து “உதவிக்காரர்” என்று நம் வேதாகமம் சொல்லும் சபைப் பொறுப்பாளருக்கும், கொலோசெயர் 1:23-இல் பவுல் தன்னைச் சொல்லிக்கொள்ளும் “ஊழியக்காரன்” என்பதற்கும் மூலத்தில் அதே சொல்தான். தமிழில் இரண்டு சொல்லாகப் பிரிந்ததால் பெபேயாள் தரையைத் துடைத்த பாட்டிபோல நம் மனதில் பதிந்துவிட்டார். அதே அதிகாரத்தின் யூனியாவை “அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்” என்கிறது வேதம். 4-ஆம் நூற்றாண்டிலேயே சபைப் பிதாவாகிய கிறிஸோஸ்தம் அவரைப் பெண் என்றே எடுத்துப் புகழ்ந்து பிரசங்கித்தார். அப்பொல்லோ என்ற பெரும் பேச்சாளனுக்கு மார்க்கத்தை அதிக திட்டமாய் விவரித்தவர்களில் ஒருவர் பிரிஸ்கில்லாள்.

“நம் தமிழ்ச் சபைக்கு இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த புது வழக்கம்” என்று யாராவது எழும்புவார். பாளையங்கோட்டையில் 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர் பெயர் இருக்கிறது. முதல் பெயர் கிளோரிந்தா. 1778-இல் ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற விதவை அவர். 1785-இல் பிரதிஷ்டையான ஆலயம் அவர் எழுப்பியது. திருநெல்வேலித் திருச்சபை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. அதன்பின் வீடு வீடாக வேதத்தைக் கொண்டுபோன பைபிள் உமன்களை நம் பாட்டிமார் அறிவார்கள்.

இந்த நாட்டிலும் இது புதிதல்ல. தென்னாப்பிரிக்க மெதடிஸ்ட் சபை 1976-இல் முதல் பெண் போதகரை அபிஷேகம் செய்தது. 1999-இல் பேராயரான பியூரிட்டி மலிங்கா 2020-இல் அந்தச் சபைக்கே தலைமைப் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபை 1992-இல் குருத்துவத்தைப் பெண்களுக்குத் திறந்தது. 2012-இல் அதே சபையின் அண்டை நாட்டுப் பேராயமான சுவாசிலாந்தில் (இன்றைய எஸ்வாட்டினி) எல்லினா வாமுகோயா பேராயரானார். கத்தோலிக்கத் திருச்சபை குருப்பட்டத்தைத் தரவில்லை, ஆனால் 2021-இல் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கு முறைப்படி திறந்தது. இவையெல்லாம் உங்கள் தனிச் சபையைக் கட்டுப்படுத்தாது. உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் சபையின் யாப்பு, அதாவது சபையின் சட்டதிட்ட ஆவணம்.

ஆகவே முதல் வேலை, அந்த யாப்பை எடுப்பது. அலமாரியில் கிடக்கும் பிரதியை நம்பவேண்டாம். உங்கள் சபை 1997-ஆம் ஆண்டின் 71-ஆம் சட்டப்படி லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவாகியிருந்தால், சமூக மேம்பாட்டுத் துறையில் ஒரு பிரதி இருக்கும். அதைப் பார்க்க யாருக்கும் உரிமை உண்டு. இரண்டும் வேறுபட்டிருந்தால் எது முறையாக நிறைவேறியது என்று கூட்டக் குறிப்பேட்டில் தேடுங்கள். பிறகு மூப்பர் தகுதி பற்றிய விதியை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். “உறுப்பினர்” என்று மட்டும் இருந்தால் திருத்தமே தேவையில்லை. முன்மொழிவைத் தள்ளும் அதிகாரத்தை யாப்பு மூப்பர் குழுவுக்குக் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். கொடுக்கவில்லையென்றால் படிவத்தைத் திருப்பியது செல்லாது. எந்த விதியின்கீழ் தள்ளினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வழியாகக் கேட்டால் வாய்வழியாகவே முடிந்துவிடும்.

“ஆண் உறுப்பினர்” என்று இருந்தால் திருத்தத் தீர்மானம் கொண்டுவரவேண்டும். இங்கேதான் பல சபைகள் தடுக்கி விழுகின்றன. ஆண்டுக் கூட்டத்தின் கடைசியில், “இதர விஷயங்கள்” என்ற இடத்தில் யாராவது எழும்பிச் சொல்ல, கைதூக்கி முடித்துவிடுவார்கள். முன்னறிவிப்பு இல்லாததால் அடுத்த மாதமே அது கவிழும். தீர்மானத்தின் முழு வாசகமும் யாப்பு சொல்லும் நாள் கணக்குப்படி அறிவிப்பிலேயே இருக்கட்டும். மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமென்றால், அது வந்தவர்களில் இரண்டு பங்கா, பதிவேட்டில் உள்ள எல்லோரிலுமா என்று முன்கூட்டியே தெளிவாக்குங்கள். ஊரைவிட்டுப் போனவர்களின் பெயர் பதிவேட்டில் கிடந்தால் அந்தக் கணக்கு ஒருநாளும் நிறையாது. தீர்மானம் நிறைவேறியபின் அதன் பிரதியைத் துறைக்கு அனுப்பவேண்டும்.

இன்னொரு கண்ணி: திருத்தத்தையும் தேர்தலையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். முன்மொழிவு முடிந்த நாளில் அவருக்குத் தகுதி இல்லாதிருந்தது என்று சொல்லித் தேர்தலையே கேள்வி கேட்பார்கள். திருத்தம் முடியட்டும், பிறகு புதிதாக முன்மொழிவு வாங்குங்கள்.

அறிவிப்பு போகுமுன் நான்கு வாரம் வேதபாடம் வையுங்கள். முதல் வாரம் ரோமர் 16, இரண்டாம் வாரம் 1 கொரிந்தியர் 11 முதல் 14 வரை, மூன்றாம் வாரம் 1 தீமோத்தேயு முழுவதும், கடைசி வாரம் கேள்விகள். 2:12-இல் தொடங்கினால் முதல் வாரமே சண்டைதான். எதிர்க்கருத்துள்ள மூப்பர் ஒருவருக்குச் சம நேரம் கொடுங்கள். அந்தச் சகோதரியை மட்டும் எழுப்பி நிற்கவைத்துத் தன் பக்கம் பேசச் சொல்லாதீர்கள். அவர் மேல் குற்றச்சாட்டு எதுவும் இல்லை.

நீதிமன்றம் என்ற பேச்சு வேண்டாம். 2015-இல் மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் வழக்கிலேயே, சபைக்குள் உள்ள நடுவர் வழியில் முதலில் போயிருக்கவேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடைசியாக, மூப்பர்கள் சமாதானமாக ஒன்று நீட்டக்கூடும்: குழுவில் “மகளிர் பிரதிநிதி” என்று ஒரு நாற்காலி, வாக்கு இல்லாமல். வாங்காதீர்கள். 18 ஆண்டுகளாகச் சபையின் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவரை மூப்பர் பொறுப்புக்குத்தான் முன்மொழிந்தீர்கள். திருத்தம் தேவைப்பட்டால் அது முடிந்தபின், அதே படிவத்தை, தேதி போட்டு, இரண்டு கையெழுத்தோடு மறுபடியும் கொடுங்கள்.