பழைய பிஎஸ்ஏ ரைஃபிளுக்கு அவ்வளவு விலை தகுமா?

அப்பா வழியில் வந்த இஷாப்பூர் .315-ஐ (மேற்கு வங்கத்து அரசு தொழிற்சாலை ரைஃபிள், .315 என்பது அங்குலத்தில் குழல் அளவு) விற்றுவிட்டு, பல மடங்கு விலை கொடுத்து இங்கிலாந்தில் செய்த பழைய பிஎஸ்ஏ .315 வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 'நம்ம ஊர் சரக்குதானே' என்று யாரோ உங்களிடம் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள், அதுதான் உறுத்துகிறது. எனக்கும் அது நடந்தது.

கூடலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. பக்கத்து எஸ்டேட் பெரியவரிடம் பிஎஸ்ஏ இருக்கிறது. யார் போனாலும் எடுத்து வந்து, மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய அந்த முத்திரையைக் கட்டைவிரலால் தடவிக் காட்டி "பர்மிங்ஹாம்" என்பார். ஒருநாள் நானும் என்னுடையதைக் கொண்டுபோய், இரண்டின் போல்ட்டையும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு) கழற்றி, விரித்த தினத்தந்தி மேல் அருகருகே வைத்தேன். இரண்டுமே பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ என்ஃபீல்டு வழி வந்தவை. இரண்டிலும் போல்ட்டைப் பூட்டும் லக், அதாவது புடைப்பு, பின்பக்கம்தான்; போல்ட்டை முன்னால் தள்ளும்போதுதான் சுடும் ஊசியின் ஸ்பிரிங் இறுகும். "இரும்பு வேற தம்பி" என்றார். தோட்டா எங்கே வாங்குறீங்க ஐயா என்றேன். அதே கடை, அதே இந்தியத் தோட்டா.

உடனே சண்டைக்கு வராதீர்கள், பிஎஸ்ஏ மட்டம் என்று நான் சொல்லவில்லை. அந்த மரவேலையும் மெருகும் நம்முடையதில் கிடையாது. என் ரைஃபிளின் கட்டை வார்னிஷ் அடித்த பள்ளிக்கூட பெஞ்ச் மாதிரிதான் இருக்கும். ஆனால் விலை ஏறியதற்குக் காரணம் மெருகு இல்லை. 1980களின் நடுவிலிருந்து சாதாரண லைசென்ஸ்காரர் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்ய வழியில்லை, பேர் பெற்ற போட்டி வீரர்களுக்குத்தான் விலக்கு. இருக்கிற பழையதுதான் கை மாறிக்கொண்டே இருக்கிறது. (நமக்கெல்லாம் பிஎஸ்ஏ என்றால் சைக்கிள். 1861-ல் துப்பாக்கிக்காகத் தொடங்கிய அதே கம்பெனியின் பெயர்தான் அது.) வாங்கியே தீருவேன் என்றால் முத்திரையை விட்டுவிட்டு குழலுக்குள் லைட் அடித்துப் பாருங்கள். அந்தக் காலத்துத் தோட்டாவின் ப்ரைமர், அதாவது அடியில் பற்றவைக்கும் மருந்து, குழலுக்குள் உப்பை விட்டுப்போகும், சுட்டபின் சுத்தம் செய்யாமல் விட்டிருந்தால் உள்ளே அரித்துப் புள்ளி புள்ளியாக இருக்கும். அப்புறம், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம், அதையும் கணக்கில் வையுங்கள்.

முத்திரை மரியாதை எங்கே வேலை செய்கிறது தெரியுமா, போலீஸ் ஸ்டேஷனில். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். காட்டுப்பன்றிக்குத் தேர்தல் தெரியுமா? பெரியவருடையதை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள், என்னுடையது மூலையில் லத்திகளோடு. திரும்பி வந்தபோது கட்டையில் விரல் நீளத்துக்குக் கீறல், குழல் வாயில் துரு. கேட்டால் "சார், இது இந்தியன் மேக் தானே" என்கிறார் ஏட்டு. அடுத்த தேர்தலில் பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கட்டி, ரசீதில் அதையும் எழுதி வாங்கிக்கொண்டேன். ரைஃபிள் வந்துவிட்டது, பெட்ஷீட் இன்னும் வரவில்லை.