திறன் கூடிய சிஇ-7.5 கையில் இருக்க, இஸ்ரோ சிஇ-20-ஐ ஏன் வேறு முறையில் செய்தது?

ஜிஎஸ்எல்வி ராக்கெட்டில் பறக்கும் சிஇ-7.5 கிரையோஜெனிக் (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும்) எஞ்சினின் ஸ்பெசிபிக் இம்பல்ஸ், அதாவது எரிபொருளை எவ்வளவு திறனோடு உந்துவிசையாக்குகிறது என்பதன் அளவு, 454 விநாடி. அதற்குப் பின் வந்த, எல்விஎம்3 ராக்கெட்டின் சிஇ-20-க்கோ ஏறத்தாழ 443தான். புதியது ஏன் குறைவு என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டிலும் எரிவது திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும்தான். பம்பை ஓட்டும் விதம்தான் வேறு. பம்ப் ஓட டர்பைன் சுழல வேண்டும்; அதைச் சுழற்றக் கொஞ்சம் எரிபொருளைத் தனியாக எரிக்க வேண்டும். சிஇ-7.5-இல் அந்த வாயு டர்பைனைச் சுழற்றிவிட்டு பிரதான எரியறைக்குள் போய் மறுபடி எரிகிறது. சிஇ-20-இல் அது தனிக்குழாய் வழியாக வெளியேறிவிடுகிறது. அந்த 11 விநாடியில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது.

அது சின்ன இழப்பு இல்லை. எல்விஎம்3-இன் மேலடுக்கு சுமப்பது 28 டன் எரிபொருள். தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 300-400 கிலோ செயற்கைக்கோள் எடைக்குச் சமமாக வருகிறது.

ஆனால் உந்துவிசையைப் பாருங்கள். சிஇ-7.5 தருவது சுமார் 7.5 டன். அதை வைத்து 28 டன்னையும் எரித்து முடிக்கக் கிட்டத்தட்ட 28 நிமிடம் ஆகும். கீழடுக்கு கழன்றுகொள்ளும்போது ராக்கெட்டுக்குச் சுற்றுப்பாதை வேகம் வந்திருக்காது. அவ்வளவு மெதுவாகத் தள்ளினால், வேகம் சேர்வதற்குள் பூமி கீழே இழுத்துவிடும். சுமார் 20 டன் உந்துவிசை தரும் சிஇ-20 அதே வேலையை 10 நிமிடத்துக்குச் சற்று மேல் எடுத்து முடித்துவிடுகிறது.

சரி, பழைய முறையிலேயே பெரிய எஞ்சின் செய்திருக்கலாமே? செய்யலாம். ஆனால் அதில் டர்பைனுக்கான வாயுவை உண்டாக்கும் முன்னெரிப்பு அறை, டர்பைன், பிரதான அறை மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் அழுத்தம் மாறினால் எல்லா இடத்திலும் மாறும். எஞ்சின் உயிர்பெறும் அந்தச் சில விநாடிகளைச் சரிக்கட்டுவதே பெரும்பாடு. சிஇ-20-இன் பாகங்களையோ தனித்தனியாகச் சோதித்து, அப்புறம் ஒன்றுசேர்க்கலாம். சிஇ-7.5-க்கு ரஷ்ய எஞ்சின் முன்மாதிரியாக இருந்தது. சிஇ-20 இஸ்ரோவின் சொந்த வடிவமைப்பு. இந்த நிலையில் எளிய முறையைத் தேர்ந்தது சரியான முடிவு என்றே நான் உறுதியாகச் சொல்வேன். சிஇ-7.5 வகையின் முதல் பயணம் 2010 ஏப்ரலில் எரிபொருள் பூஸ்டர் பம்ப் நின்றுபோனதால் தோற்றது; 2014 ஜனவரியில்தான் வெற்றி கிடைத்தது. சிஇ-20 தன் முதல் பயணத்திலேயே, 2017 ஜூனில், ஜிசாட்-19 செயற்கைக்கோளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதற்காகப் பழைய முறையை இஸ்ரோ கைவிட்டுவிடவில்லை. மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும், 200 டன் உந்துவிசைக்கான செமி-கிரையோ எஞ்சினில் வாயுவை வெளியே விடாமல் மீண்டும் எரிக்கும் முறைதான். கீழடுக்கில் அளவான எரியறையிலிருந்து அவ்வளவு உந்துவிசை வேண்டுமென்றால் அழுத்தம் மிக அதிகமாக இருக்க வேண்டும்; அந்த அழுத்தத்தில் பம்பை ஓட்டிய வாயுவை வெளியே விடுவது கட்டுப்படியாகாது. அதன் பம்புகளும் முன்னெரிப்பு அறையும் சேர்ந்த பகுதி 2025 மார்ச்சில் மகேந்திரகிரியில் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது.