பிரின்ஸ் எட்வர்ட் தீவில் சிங்கி இறால் பிடிப்பவர்களுக்கு என்னதான் சிக்கல்?

கடலில்தான் இறால் இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை என்று கேட்டிருக்கிறீர்கள். கனடாவின் இந்தத் தீவில் தலைவலி பெரும்பாலும் கரையில்தான். 2022 செப்டம்பரில் வந்த ஃபியோனா புயல் பல சிறு துறைமுகங்களின் படகுத்துறைகளைப் பெயர்த்துப் போட்டது. சரி, புயலே வராத ஆண்டில்? அப்போதும் நிம்மதி இல்லை. அலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை மேடாக்கிவிடும். தூர்வாரினால்தான் படகு பயமில்லாமல் போய்வர முடியும். தீவின் பெரும்பகுதியில் சிங்கி இறால் பிடிக்கும் வசந்தகாலப் பருவம் மே, ஜூன் என்று இரண்டே மாதம். அதில் ஒரு வாரம் படகு துறையிலேயே கிடந்தால் அந்த வருமானம் போனதுதான்.

இரையும் சிக்கல்தான். இறால் பிடிக்கும் கூண்டில் இரையாக வைக்கும் கானாங்கெளுத்தி மீனின் இருப்பு குறைந்துபோனதால், அதை வணிகத்துக்காகப் பிடிப்பதை அதே 2022-இல் கனடா அரசு நிறுத்தியது. இறாலைப் பிடிக்கவே மீனை விலைகொடுத்து வாங்க வேண்டிய நிலை!