ஏ.சி.ஆர். பயம்

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் டிரோன் செய்யும் நிறுவனமொன்றில் பொறியாளராக இருக்கிறேன். முப்படையையும் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவரும் தியேட்டர் கமாண்ட், நான்காண்டுக்கு ஆளெடுக்கும் அக்னிபாத், டிரோன் என்று ராணுவம் மாறிக்கொண்டிருக்கிறது. இனி ஆளும் தலைமையும் இரண்டாம்பட்சம், கருவிதான் எல்லாம் என்கிறார்கள் நண்பர்கள். முதலில் எதை வாங்க வேண்டும் என்பீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தியேட்டர் கமாண்டை விடுங்கள். அந்தமானில் 2001-லேயே முப்படைக்கும் பொதுவாக ஒன்று தொடங்கியாயிற்று. அதைப் பார்த்து மற்றவை வரிசைகட்டி வந்துவிடவில்லை. அக்னிபாத்தில் நான்காண்டு முடிந்ததும் தக்கவைக்கும் 25 சதவீதம் பேரை எப்படிப் பொறுக்குகிறார்கள் என்பதுதான் விஷயம். அது தனிக் கட்டுரை.

'கருவிதான் எல்லாம்' என்று கருவி செய்கிறவர்களே சொன்னால் கோபம் வருகிறது. வியட்நாம் போரில் அமெரிக்கக் கடற்படையிடமும் வான்படையிடமும் இருந்தது அதே பாண்டம் போர்விமானம். கடற்படை 1969-ல் மிராமாரில் வான்சண்டைப் பள்ளி தொடங்கியது. சின்ன ஏ-4 விமானம் எதிரியின் மிக்-17 போல நடித்து மாணவரை மடக்கும். இறங்கியதும் ஒவ்வொரு திருப்பத்தையும் பலகையில் வரைந்து, எங்கே கோட்டைவிட்டாய் என்று கிழிப்பார்கள். முன்பு ஒன்றை இழந்து இரண்டு, மூன்றை வீழ்த்திய கடற்படை, போரின் கடைசிக் கட்டத்தில் பன்னிரண்டு வரை போனது. வான்படை இரண்டை ஒட்டியே நின்றது.

பின்னாளில் அமெரிக்கத் தரைப்படை ஃபோர்ட் இர்வின் பாலைவனத்தில் லேசர் பொருத்திய துப்பாக்கிகளோடு பயிற்சி நடத்தியது. 'என்மேல் குண்டு படவில்லை' என்று யாரும் வாதாட முடியாது. முடிந்த கையோடு நாலு கேள்வி: என்ன செய்ய நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன செய்வோம்? தளபதியின் தப்பைச் சிப்பாய் எழுந்து சொல்லலாம்.

நம்மிடம் இருப்பது ஏ.சி.ஆர்., அதாவது அதிகாரியைப் பற்றி மேலதிகாரிகள் ஆண்டுதோறும் எழுதும் ரகசிய அறிக்கை. ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண். மேலதிகாரி, அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர். ஒரு கர்னல் பட்டாலியனை நடத்துவது இரண்டு, இரண்டரை ஆண்டு. அதற்குள் வரும் சில அறிக்கைகளில் எட்டும் ஒன்பதும் விழாவிட்டால் பிரிகேடியர் ஆவது கஷ்டம். அவர் தன் பயிற்சி தோற்றது என்று எழுதுவாரா? மாட்டார். அவரைக் குறைசொல்லவும் மாட்டேன். தோற்றுக் கற்றவருக்கு மதிப்பெண் ஏறாத இடத்தில் எல்லாப் பயிற்சியும் வெற்றிதான். எந்தத் தளபதி எத்தனை அறிவிப்பு செய்தாலும் இந்தப் படிவத்தைத் தொடாதவரை ராணுவம் மாறாது.

இது உங்கள் மேசைக்கும் வரும் சங்கதி, தம்பி. லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. டிரோனின் விசிறி வேகமாகச் சுழல வேண்டும். குளிரில் லித்தியம் பேட்டரியும் சோர்ந்துவிடும். 'பாதி வழியில் விழுந்தது' என்று பறக்கவிட்ட நாயக் நிலைச் சிப்பாய் சொன்னது, மேலே போகப் போக 'திருப்திகரம்' ஆகிவிடும். அதை நம்பி நீங்கள் அடுத்த நூறு செய்வீர்கள்.

எதை வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? அடுத்த ட்ரையல் முடிந்ததும், அதிகாரி பக்கத்தில் இல்லாதபோது, பறக்கவிட்டவரிடம் பேசுங்கள். மெட்ராஸ் சாப்பர் என்னும் பொறியாளர் படைப்பிரிவுக்காரராக இருந்தால் தமிழிலேயே கேட்கலாம். பேட்டரி எத்தனை நிமிடம் நின்றது, கையுறையோடு பொத்தானை அழுத்த முடிந்ததா, எத்தனை முறை விழுந்தது. அவர் பெயரை மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.